மாலை நான்கு நாற்பதுக்கு அன்பு

உத்தேஜ வித்யா நிகேதனில் அன்பு ஜூலை பதினோராம் தேதி, திங்கட்கிழமை, மாலை நான்கு நாற்பதுக்கு அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு அங்கே ஒழுங்கு மட்டும்தான் இருந்தது.

அந்த ஒழுங்குக்கு நரசராவ்பேட்டை வட்டாரத்திலேயே ஈடு கிடையாது. வகுப்பறையிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரை தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். பிள்ளைகள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டின்மேல் நடக்க வேண்டும். எதிரே பெரிய வகுப்பு வந்தால் சின்ன வகுப்பு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். இதையெல்லாம் கவனிக்க யுகந்தர் என்று ஒருவர் இருந்தார். பழைய டிரில் மாஸ்டர், இப்போது டிசிப்ளின் இன்சார்ஜ். கழுத்தில் எப்போதும் விசில். குளிக்கும்போதுகூட அவர் அதைக் கழற்றுவதில்லை என்று ஹாஸ்டல் பிள்ளைகள் சுவரைப் பார்த்தபடி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

அன்பைக் கொண்டுவந்தவர் சேர்மன் பூர்ணசந்திர ராவ். பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்கென்று ஹைதராபாத் ஹோட்டல் ஒன்றில் கருத்தரங்கு நடந்தது. ஆசிரியருக்குத் தன்மேல் அக்கறை இருக்கிறது என்று நம்புகிற பிள்ளைதான் மனம் வைத்துப் படிக்கும் என்று ஒரு மனநல மருத்துவர் அம்மாள் பேச ஆரம்பித்தார். சேர்மன் குறிப்பெடுத்துக்கொண்டார். இருபதாவது நிமிடம் அவருக்குப் போன் வந்தது, வெளியே போனார். திரும்பி வந்தபோது பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே ஆசிரியர்களைக் கூட்டினார்.

"பிள்ளைய வளர்க்க ரெண்டு கை வேணும்ங்க. ஒண்ணு கண்டிக்கிற கை, ஒண்ணு அணைக்கிற கை. இத்தன வருஷமா நாம அணைக்கிற கைய சும்மா பாக்கெட்ல வச்சிருந்தோம். பக்கத்து ஸ்கூல்காரன் அவன் கைய வெளிய எடுக்கறதுக்குள்ள நாம எடுத்துரணும்."

ஆளுக்குப் பதினெட்டுப் பிள்ளைகள் என்று பிரித்துக் கொடுத்தார்கள். தினமும் நான்கு நாற்பது முதல் ஐந்து ஐந்து வரை அன்பு பீரியட். பிள்ளைக்கு ஒரு நிமிடம் இருபது வினாடி. கடைசியில் மிஞ்சுகிற ஒரு நிமிடம் ஆசிரியர் தண்ணீர் குடிப்பதற்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ரோஜா நிறத்தில் ஒரு படிவம். அதில் மூன்றாவது கேள்வி: ‘குழந்தை மனம் திறந்ததா? திறந்தது எனில் உள்ளே என்ன இருந்தது?’

யுகந்தருக்கு முகம் சுருங்கிவிட்டது. இனிமேல் தனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார். சேர்மன் அவர் தோளில் கைபோட்டு, எல்லார் முன்னாலும் சமாதானம் சொன்னார்:

"அன்பு கதவத் திறக்கும் யுகந்தர். உள்ள போறது நீங்கதான்."

சமூக அறிவியல் ஆசிரியர் அப்பலராஜு இதைக் கேட்டுத் தலையாட்டினார். மற்றவர்கள் ஆட்டினார்கள், அவரும் ஆட்டினார். ஸ்ரீகாகுளம் பக்கத்துக்காரர். பத்தொன்பது வருடமாகப் பாடம் நடத்தியும் அவருடைய பேச்சிலிருந்து அந்த ஊர் இழுப்பு போகவில்லை என்று குண்டூர்க்கார ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். கணக்கு, அறிவியல் ஆசிரியர்களுக்கு நாற்காலி போட்ட பிறகு மிச்சம் இருந்தால் சமூக அறிவியலுக்கு. அவருடைய அசல் சான்றிதழ்கள் எல்லாம், மற்ற ஆசிரியர்களுடையதைப் போலவே, சேர்மன் அறை பீரோவில் பூட்டி இருந்தன. வேலைக்குச் சேர்ந்த அன்று வாங்கி வைத்தது. பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் வாங்கினார்கள்.

மனுஷர் பிள்ளைகளிடம் பிரியமாக இருப்பவர்தான். ஆனால் அதை நேரம் பார்த்துச் செய்து அவருக்குப் பழக்கமில்லை. திட்டம் தொடங்கிய மூன்றாம் நாள், காலை பதினொரு மணிக்கு, மஞ்சள் கோட்டில் நொண்டிக்கொண்டு போன ஒரு பிள்ளையை நிறுத்தி, காலில் என்னடா கட்டு என்று கேட்டுவிட்டார். விசில் ஊதியது. அன்பு பீரியடுக்கு வெளியே அன்பு காட்டுவது ஒழுங்கு மீறல் என்று யுகந்தர் அவருக்கு விளக்கினார். கால் கட்டைப் பற்றி மாலை நான்கு நாற்பதுக்குக் கேட்கலாம், ஆனால் அந்தப் பிள்ளை அவருடைய பதினெட்டில் இல்லாததால் அப்போதும் கேட்க முடியாது.

அலுவலக வாசலில் பலகை வைத்தார்கள். ஒவ்வொரு ஆசிரியரும் எத்தனை மனங்களைத் திறந்தார் என்பதற்கு நூற்றுக்கு மதிப்பெண். தெலுங்கு ஆசிரியருக்கு எண்பத்தொன்று. அவர் பிள்ளை வந்து உட்கார்ந்ததும், "உங்கம்மா இப்ப என்ன செய்துட்டிருப்பா?" என்று ஒரு கேள்விதான் கேட்பார். பிள்ளை அழும். அவர் எழுதிக்கொள்வார். ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

அப்பலராஜுவுக்குப் பதினொன்று. பிள்ளைகள் வந்து உட்கார்வார்கள். எப்படி இருக்கிறாய் என்பார். நல்லா இருக்கேன் சார் என்பார்கள். இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது வாரம் சேர்மனிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. குழந்தைகளிடம் இதயமில்லாமல் நடந்துகொள்வதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள்.

கடைசியில் மனம் திறந்தவள் ஹைமவதி. பத்தாம் வகுப்பு, ஈ பிரிவு. மிளகாய்க் குத்தகை விவசாயி ஏடுகொண்டலுவின் மூத்த மகள். அன்று அவளுக்கு முன்னால் வரவேண்டிய இரண்டு பிள்ளைகள் காய்ச்சலில் படுத்திருந்ததால் அவளுக்கு நான்கு நிமிடம் கிடைத்தது. முதல் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தாள். அப்பலராஜுவும் கேள்வி எதுவும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவில்லை. பிறகு அவளாகச் சொன்னாள்.

ஐந்து ஐந்துக்கு இந்த பீரியட் முடியும். ஐந்தரைக்குப் படிப்பு மணி. நடுவில் அவள் ஹாஸ்டல் மொட்டைமாடிக்குப் போவாள். ஆயா மரியம்மா சாவி கொடுப்பாள். ஐந்தேகாலுக்கு அவள் ஊர் வழியாகப் போகிற பஸ் அந்தப் பக்கத்து ரோட்டில் திரும்பும்.

"அந்த பஸ்ஸு ஆறு மணிக்கு எங்க வீட்டு முன்னாடி போகும் சார். அந்நேரம் எங்கம்மா வாசல் பெருக்கிட்டிருப்பாங்க. நான் பார்த்த பஸ்ஸ அம்மாவும் பார்ப்பாங்க. அவ்வளவுதான் சார். அப்புறம் கீழ வந்து நல்லாப் படிச்சிருவேன்."

அப்பலராஜுவுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. நல்ல காரியம்தானே அம்மா, பார்த்துக்கொள் என்றார். எழுந்து போகும்போது அவள் லேசாகச் சிரித்தாள். அந்தக் கட்டிடத்தில் ஒரு பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது.

மேசையில் படிவம் இருந்தது. அவர் நிறைய நேரம் யோசித்தார் என்று சொல்ல முடியாது. நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தார். பதினொன்று என்ற எண்ணும் மனதில் ஓடியது, அதையும் மறைப்பதற்கில்லை. குழந்தை வீட்டு ஏக்கத்தில் இருக்கிறது, மாலையில் பத்து நிமிடம் மாடியிலிருந்து ஊர் பஸ்ஸைப் பார்த்துத் தேறிக்கொள்கிறது, இதற்கு முறைப்படி அனுமதி கொடுத்தால் நன்றாகப் படிக்கும் என்று எழுதினார். வழக்கத்தைவிட அழகான கையெழுத்தில் எழுதினார். மரியம்மா பெயரை எழுதவில்லை. அதுவரை அவருக்கு விவரம் இருந்தது.

மறுநாள் மாலைக்குள் மாடிக் கதவுக்கு இரும்புக் கம்பி வைத்துப் பற்றவைத்துவிட்டார்கள். சாவி யாரிடம் இருந்தது என்று கண்டுபிடிக்க யுகந்தருக்குப் பத்து நிமிடம் ஆனது. மரியம்மா துணி மூட்டையோடு பின்வாசல் வழியாகப் போனாள். ரோட்டைப் பார்த்த ஜன்னல் கண்ணாடிகள் அத்தனைக்கும் வெள்ளை பெயின்ட் அடித்தார்கள். காலை அசெம்பிளியில் ஹைமவதியை மேடைக்குக் கூப்பிட்டு, ‘என் பார்வை என் புத்தகத்தில்’ என்று ஐம்பது முறை மைக்கில் சொல்லச் சொன்னார்கள். முப்பதுக்குமேல் குரல் வரவில்லை. யுகந்தர் மைக்கை உதட்டுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே வைத்து உதவினார்.

அதன்பிறகு மஞ்சள் கோட்டில் அவளைக் காணும்போதெல்லாம் யுகந்தர் ஒன்று கேட்பார்:

"ஏம்மா, பஸ்ஸு போயிருச்சா?"

வரிசை மொத்தமும் சிரிக்கும். உதட்டில் விரல் வைத்துக்கொண்டு எப்படிச் சத்தமில்லாமல் சிரிப்பது என்று பிள்ளைகள் ஏற்கெனவே கற்றிருந்தார்கள். ஒரு வாரத்தில் அவள் பெயரே பஸ்ஸு என்று ஆகிவிட்டது.

திறந்தது ஒரு மனம்தான் என்றாலும் உள்ளே கிடைத்தது பெரிது என்பதால், பலகையில் அப்பலராஜுவின் மதிப்பெண் தொண்ணூற்று நான்கு ஆனது. தெலுங்கு ஆசிரியர் அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

அப்பலராஜு சேர்மனைப் பார்க்கப் போனார். பொதுவாக அவர் அந்த அறைக்குப் போகிறவரில்லை. பிள்ளை தப்பு எதுவும் செய்யவில்லை, நான் எழுதியது அனுமதி கேட்டுத்தான், கதவைத் திறந்துவிடச் சொல்லுங்கள், அந்த ஆயாவையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று, நின்றபடியே, ஸ்ரீகாகுளம் இழுப்போடு சொல்லி முடித்தார். சேர்மன் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். மோர் கொண்டுவரச் சொன்னார்.

"அப்பலராஜு காரு, நீங்க ரொம்ப நல்லவரு. அதனாலதான் அந்தப் பொண்ணு உங்ககிட்ட சொன்னா. என்கிட்ட சொல்லுவாளா? யுகந்தர்கிட்ட சொல்லுவாளா? ஒரு பிள்ளை அழுறத நிறுத்தணும்னா ரெண்டு வழிங்க. அழுற காரணத்த எடுக்கணும், இல்ல அழுற இடத்த எடுக்கணும். காரணம் அவங்க ஊர்ல இருக்கு. நம்ம காம்பவுண்டுக்குள்ள இருக்கறது இடம் மட்டும்தான். அதத்தான் எடுத்தோம்."

அப்பலராஜு மோரைக் குடித்தார்.

"உங்க மாதிரி ஆளு பத்துப் பேரு இருந்தா, இந்த ஸ்கூல்ல எந்தப் பிள்ளையும் எதையும் ஒளிக்க முடியாது. அடிச்சுக் கேட்டா பொய் சொல்லுதுங்க. அன்பாக் கேட்டா உண்மையச் சொல்லுதுங்க. இது தெரியாம நாம எத்தன பிரம்ப உடைச்சிருக்கோம், சொல்லுங்க."

பேசும்போது அவர் பீரோவின் கைப்பிடியில் சாய்ந்திருந்தார். வேண்டுமென்றே சாய்ந்தாரோ, சும்மா சாய்ந்தாரோ, அப்பலராஜுவின் கண் அங்கேதான் போனது. வெளியே வரும்போது அப்பலராஜு, அன்றுதான் தொடங்கிய நம்பிக்கைப் பிரிவின் தலைவராக ஆகியிருந்தார். மற்ற ஆசிரியர்களுக்கு மனம் திறக்கும் முறையைச் சனிக்கிழமைதோறும் அவர் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அன்று மாலை ஹைமவதி வந்து உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் இருபது வினாடி. அவர் மெல்லிய குரலில், நான் இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை அம்மா, உனக்கு நல்லது என்றுதான் எழுதினேன் என்றார். என்மேல் கோபமா என்று கேட்டார்.

"உங்கமேல என்ன சார் கோவம். நீங்க கேட்கவே இல்லையே. நானாத்தானே சொன்னேன்."

குறையே சொல்லாமல், பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். மிச்ச வினாடிகளைக் கடிகாரத்தைப் பார்த்துக் கழித்துவிட்டு எழுந்து போனாள்.

ஜனவரியில் பெரிய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. உத்தேஜ வித்யா நிகேதனின் முறையை நேரில் பார்க்க மூன்று மாவட்டங்களிலிருந்து நாற்பது பள்ளி நிர்வாகிகள் வந்தார்கள். பந்தலில் மேடை, மேடையில் இரண்டு நாற்காலி, இரண்டு மைக். ஒன்றில் அப்பலராஜு, இன்னொன்றில் ஹைமவதி. பார்வையாளர்கள் முன்னால் ஒரு மனதைத் திறந்து காட்டுவதாகத் திட்டம். அப்பலராஜு தொண்டை சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். வெந்நீர் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

சேர்மன் வரவேற்றுப் பேசினார். முன்பெல்லாம் இந்தப் பிள்ளைகள் எங்களைக் கண்டு பயந்தார்கள், இப்போது பயத்தோடு நம்பவும் செய்கிறார்கள், இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பது இந்தியாவிலேயே இங்கேதான் என்றார். கைதட்டினார்கள்.

அப்பலராஜு கேட்டார், மனதில் என்ன இருக்கிறது அம்மா என்று.

ஹைமவதி மைக்கைப் பிடித்தாள். தலை குனிந்தாள். பிறகு கண்ணீர் வந்தது, ஒழுங்காக, இரண்டு கன்னத்திலும் சமமாக.

"எனக்கு அம்மா இல்ல சார். நான் ஆறாவது படிக்கும்போது செத்துப்போயிட்டாங்க. படிக்கவே பிடிக்காம இருந்தேன். நீங்கதான் சார் எனக்கு அம்மா."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு நிர்வாகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓங்கோலிலிருந்து வந்த அம்மாள் ஒருத்தி எழுந்து வந்து பெண்ணைக் கட்டிக்கொண்டாள். சேர்மன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி, போட்டோக்காரருக்கு ஜாடை காட்டினார். யுகந்தர் மேடைக்கு ஓரமாக நின்று, சரியாகச் செய்த அணிவகுப்பைப் பார்ப்பதுபோலத் தலையசைத்தார்.

அப்பலராஜு மட்டும் நாற்காலியிலிருந்து எழவில்லை. கூட்டம் புளியோதரை சாப்பிடப் போன பிறகு, பந்தல் காலோரம் அவளை நிறுத்தினார். விசில் சத்தம் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஏம்மா, உங்கம்மா நல்லா இருக்காங்கதானே?"

"நல்லா இருக்காங்க சார்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?"

"எல்லாரும் அழுற மாதிரி சொல்லணும்னு யுகந்தர் சார் சொன்னாரு." கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "உண்மையச் சொன்னா எடுத்துக்கிறாங்க சார். இது இல்லாததுதானே. எடுத்தா எடுத்துக்கட்டும்."

உதட்டில் விரலை வைத்துக்கொண்டு மஞ்சள் கோட்டில் ஏறி நடந்து போனாள்.

மார்ச்சில் பரீட்சை நடந்தது. ஹைமவதிக்கு அறுநூற்றுக்கு ஐந்நூற்று எண்பத்தொன்பது. ஊர் முழுக்க பேனர் வைத்தார்கள். நடுவில் சேர்மன், வலப்பக்கம் ஹைமவதி, இடப்பக்கம் அப்பலராஜு. அவருடைய போட்டோவில் சிரிப்பு போதவில்லை என்று கம்ப்யூட்டரில் கொஞ்சம் சேர்த்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் அதைப் பார்த்த அவருடைய மனைவி, யாருங்க இது என்று கேட்டாள்.

ஜூன் மாதம் ஏடுகொண்டலு வந்தார். கையில் அரிசெலு என்கிற அதிரச டப்பா, கூட எட்டாம் வகுப்பில் சேரப்போகிற இளைய மகள் சௌஜன்யா. ஆசிரியர் அறை வாசலில் அப்பலராஜுவைக் கண்டதும் குனிந்து காலைத் தொட்டார். தடுக்க வந்த கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"என் பொண்ண மனுஷியா ஆக்கிட்டீங்க சார். முன்னாடி வாய் ஓயாது அவளுக்கு. இப்ப லீவுக்கு வந்தா வீட்டுல ஒரு வார்த்த பேசறதில்ல. அவங்கம்மா கேட்டாக்கூட நல்லா இருக்கேம்மான்னு மட்டும்தான். அவ்வளவு மரியாத. இந்தச் சின்னவ சரியான வாயாடி. இவளையும் அப்படியே ஆக்கி விட்ருங்க."

அப்பலராஜு சுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, உங்கள் ஊரிலேயே அரசாங்க ஹைஸ்கூல் இருக்கிறதே, அங்கே சேருங்கள், பிள்ளை கண் முன்னால் இருக்கும் என்றார். அங்கே நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்றார். பிறகு, கெஞ்சுவதுபோல, இவளை இங்கே சேர்க்காதீர்கள் என்றும் சொல்லிவிட்டார். ஏடுகொண்டலு சிரித்தார். பெரிய மனிதர்கள் இப்படித்தான் தங்களைத் தாழ்த்திப் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். பெண்ணை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு அலுவலகத்துக்குள் போனார்.

சௌஜன்யா நின்ற இடத்தில் நிற்கவில்லை. அவர்கள் எருமை கன்று போட்டதை, கன்றுக்கு நெற்றியில் மட்டும் வெள்ளை இருப்பதை, வரும் வழியில் பஸ்ஸில் ஒரு கிழவர் கோழியை மடியில் வைத்துத் தூங்கியதை, அக்கா இப்போதெல்லாம் சாயங்காலம் ஆனால் வாசலில் போய் நின்றுகொள்வதை, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். அப்பலராஜு கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து, அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தார்.

"பாப்பா, நான் ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோ. இங்க யாராவது உன்கிட்ட ரொம்பப் பிரியமா, மனசுல என்ன இருக்குன்னு கேப்பாங்க. எதையும் சொல்லாத. நான் கேட்டாலும் சொல்லாத. உனக்குப் பிடிச்சது எதுவோ அத மட்டும் சொல்லவே சொல்லாத."

அவள் கண்ணை அகல விரித்துத் தலையாட்டினாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு பிள்ளைக்குத் தான் கற்றுக்கொடுத்ததிலேயே உருப்படியான பாடம் இதுதான் என்று அன்று அவர் நினைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டார்.

எட்டு நாள் கழித்துச் சேர்மன் அறையிலிருந்து கடிதம் வந்தது. குழந்தை சௌஜன்யா, எட்டு ஏ, அன்பு பீரியடில் மனம் திறந்ததில், நிறுவனத்தின் அன்புக்கு எதிராகத் தாங்கள் செய்த பிரசாரம் உள்ளே இருந்தது தெரிய வந்துள்ளது. தாங்கள் இன்று முதல் பணியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள். சான்றிதழ்கள் கல்வியாண்டின் இறுதியில், நன்னடத்தையைப் பொறுத்து வழங்கப்படும். கீழே, அன்புடன் என்று எழுதி, சேர்மன் கையெழுத்திட்டிருந்தார்.

சாக்பீஸ் டப்பாவையும் உலக உருண்டையையும் ஒப்படைத்துவிட்டு அவர் கேட்டை நோக்கி நடந்தார். பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது. சௌஜன்யா. மஞ்சள் கோட்டை விட்டு, குறுக்கே, மூச்சு வாங்க வந்தாள். அவர் கையில் இருந்த காகிதம் என்னவென்று அவளுக்குத் தெரியாது.

"சார், இங்கிலீஷ் மேடம் ரொம்ப நல்லவங்க சார். உனக்குப் பிடிச்சவங்க யாருன்னு கேட்டாங்க. உங்க பேரச் சொன்னேன். அவரு என்ன சொன்னாருன்னு கேட்டாங்க. எல்லாம் கரெக்டா ஞாபகம் வச்சிருந்து சொன்னேன் சார். கை தட்டி இத குடுத்தாங்க. பாதி உங்களுக்குன்னு வச்சிருந்தேன்."

உள்ளங்கையை விரித்தாள். வெயிலில் உருகிக் காகிதத்தோடு ஒட்டியிருந்த அரைத் துண்டு சாக்லெட். எங்கோ விசில் ஊதியது. அவள் திடுக்கிட்டு, சுவர் எதுவும் பக்கத்தில் இல்லாததால், கேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். கையை மட்டும் அவர் பக்கமாக நீட்டியபடியே இருந்தாள்.

அப்பலராஜு காகிதத்தைப் பிரித்து, சாக்லெட்டை வாயில் போட்டுக்கொண்டார். நன்றாக இனித்தது.